கப்பல் பட்டியலில் ஒரு பூட்டன்

சில வருஷங்களுக்கு முன்னால் டர்பனிலிருந்து ஒரு தம்பதியர் வந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. தமிழ் பேச வராது. சாமி பாட்டு நாலைந்து தெரியும். 'பழைய காகிதமெல்லாம் படிக்கிற ஆள்' என்று ஒரு நண்பர் என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து விரித்தார். 1880களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒரு கப்பலின் பட்டியலில் ஒரு பக்கம். ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அந்த ஒரு வரிதான் அவருடைய தாத்தாவின் அப்பா. நம் கணக்கில் பூட்டன்.

ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வந்தவாசி. கிராமம் என்ற கட்டத்தில் இங்கிலீஷில் 'பூடூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்தது. புதூர்தான், வேறென்ன. தமிழ்நாட்டில் எத்தனை புதூர் இருக்கிறது என்று எந்தத் தபால்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். அதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் ஜாதிக் கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே இருந்தது 'பறையர்' என்பதன் ஆங்கில ரூபம். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போய் 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்' என்று பொதுப் பொருள் பெற்றுவிட்ட கதை தெரிந்ததுதான். யூதர்களைப் பற்றிப் பேச மாக்ஸ் வெபர் இதையே எடுத்துக்கொண்டார். பெயர் கொடுத்த மக்கள் சேரியிலேயே இருக்க, சொல் மட்டும் ஐரோப்பியத் தத்துவத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கேட்டார்: 'இது வெள்ளைக்கார குமாஸ்தா எங்களைத் திட்டி எழுதினதுதானே? எல்லாக் கூலிக்கும் இப்படித்தான் எழுதினானா?' அவருடைய குடும்பப் பெயர் பிள்ளை என்று முடியும். மனைவி ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'அப்படியும் இருக்கலாம்' என்று சொன்னேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பக் கதைகளை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுக்கும் எழுத்து இன்று உலகம் பூராவும் பெருகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் கப்பல் பெயரைத் தட்டினால் பட்டியல் வருகிறது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் எந்தக் கண்டத்து ரத்தம் எத்தனை சதம் என்று பதில் வருகிறது. (எந்தப் புதூர் என்று அது சொல்லாது.) இப்படிக் கண்டெடுக்கப்படும் கதைகளை 'உண்மைக் கதைகள்' என்கிறார்கள். உண்மை எங்கே இருக்கிறது, காகிதத்திலா, அதைப் படிப்பவன் வாயிலா என்பதுதான் பிரச்னை.

முதலில் காகிதம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து 'பெல்வெடியர்' அதே மாதக் கடைசியில் வந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கரும்புத் தோட்டத்திலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ சாகிறவரை அந்த எண்தான் ஆள். கல்யாணத்தைப் பதியப் போனாலும், முதலாளிமேல் புகார் கொடுக்கப் போனாலும், ஊர் திரும்பக் கப்பல் கேட்டாலும் முதலில் எண்ணைத்தான் கேட்பார்கள். இன்று பேரப்பிள்ளைகள் பாட்டனைக் கண்டுபிடிப்பதும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான். அடிமைப்படுத்திய கயிறே ஆளை அடையாளம் காட்டும் கயிறாகவும் இருக்கிறது.

ஃபூக்கோ 1977இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை பலருக்கு நினைவு வரலாம். பிரான்சில் சிறையிலும் காப்பகத்திலும் அடைக்கப்பட்ட அற்ப மனிதர்களைப் பற்றிய சில வரிகளை முன்வைத்து அவர் பேசுவார். அதிகாரத்தோடு ஒரு கணம் உரசியிருக்காவிட்டால் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட நமக்கு வந்திருக்காது என்பது அவர் சொல்லும் சாரம். நேட்டால் பட்டியலுக்கு இது அப்படியே பொருந்தும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதில் ஒரு இடைவெளி தெரிகிறது. வந்தவாசிப் புதூரில் இருந்த வரையில் அந்த 22 வயது ஆள் அதிகாரத்தோடு உரசவில்லையா? தினம் தினம் உரசிக்கொண்டுதானே இருந்தான்? ஆனால் அந்த அதிகாரம் எழுதாது. பண்ணையாளின் அப்பன் யார், பாட்டன் யார், எத்தனை கலம் நெல் கடன் என்பதெல்லாம் மிராசுதாருக்கு மனப்பாடம். தெரிந்த ஆளை எதற்கு எழுதிவைக்க வேண்டும்? ஆளைத் தெரியாத, தூரத்திலிருந்து ஆள்கிற அதிகாரம்தான் தழும்பைப் பார்த்து, உயரத்தை அளந்து எழுதிக்கொண்டது. ஆகவே நம் ஆவணக் காப்பகத்தில் இருப்பது அதிகாரத்தின் வரலாறு முழுசும் அல்ல. எழுதத் தேவைப்பட்ட அதிகாரத்தின் வரலாறு மட்டுமே.

ரயத்துவாரி ஜில்லாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருத்தன் பெயர் காகிதத்தில் ஏறவேண்டுமென்றால் அவனுக்குப் பட்டா இருக்கவேண்டும். நிலம் இருந்தால் செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் பெயர் இருக்கும், சர்வே நம்பர் இருக்கும், பாகப்பிரிவினை வழக்கு இருந்தால் இன்னும் விசேஷம், மூன்று தலைமுறையும் கோர்ட் கட்டில் கிடைக்கும். நிலமில்லாதவனுக்கு என்ன உண்டு? பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1899இல். வேதத்தில் சேர்ந்திருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கும். திருடன் என்று பிடித்திருந்தால் ஜெயில் புத்தகத்தில். இல்லாவிட்டால் கப்பலேறியிருக்கவேண்டும். ஊரோடு கிடந்த அவன் அண்ணன் தம்பிக்கு ஒரு வரி கிடையாது. டர்பன்காரருக்குப் பூட்டன் கிடைத்துவிட்டான். புதூரிலேயே இருந்துவிட்ட அவருடைய பங்காளிகளுக்கு அதே பூட்டன் தலைமுறையில் ஒருவனும் காகிதத்தில் இல்லை. வேர் தேடிக் கடல் தாண்டி வருகிறவர்களைவிட வேரோடு இருப்பவர்களுக்குத்தான் வம்சாவளி குறைவு என்கிற இந்த வேடிக்கையை வேர் தேடும் எழுத்துகள் கவனிப்பதே இல்லை.

அடுத்தது, வீட்டில் சொல்லப்படும் கதை. தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், பீஜி, ரீயூனியன் என்று எங்கிருந்து வந்தவரைக் கேட்டாலும் மூன்று கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று: நல்ல வசதியான குடும்பம், அண்ணனோடு சண்டை போட்டுக்கிட்டு ராவோடு ராவா கிளம்பிட்டார். இரண்டு: சந்தைக்குப் போன இடத்தில் ஆள்பிடிக்கிறவன் சர்க்கார் வேலை என்று ஏமாற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டான். மூன்று: கோயிலுக்குப் போன பெண் வழி தவறிவிட்டாள். இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1871இல் நேட்டாலிலிருந்து திரும்பிய முதல் கூட்டம் சென்னையில் இறங்கியதும் கொடுத்த புகார்களால்தான், ஏற்கெனவே நின்றிருந்த ஆள் அனுப்புவது உடனே மறுபடி தொடங்கவில்லை. 1872இல் விசாரணைக் கமிஷன் வைத்து, பாதுகாவலர் என்று ஒரு உத்தியோகஸ்தரை நியமித்து, 1874இல்தான் மறுபடி கப்பல் ஓடியது. ஏமாற்று இருந்தது. ஆனால் 1874க்குப் பிறகு போனவர்கள் பலருக்குப் பின்னால் தாது வருஷப் பஞ்சம் இருந்தது. 1876இலிருந்து 78 வரை வட ஆர்க்காட்டில் என்ன நடந்தது என்று படித்தவர்களுக்கு, கப்பலேற ஏமாற்று தேவைப்பட்டிருக்காது என்று தெரியும். பசி என்ற காரணம் ஏன் குடும்பக் கதையில் வருவதில்லை? சேரியை விட்டுப் போனால் போதும் என்று தெரிந்தே போனவன் ஒருத்தன்கூடவா இல்லை? ஏமாற்றப்பட்டவர் என்று சொன்னால் பாட்டன் அப்பாவியாகிவிடுகிறார். சண்டை போட்டுப் போனார் என்றால் அவருக்கு இங்கே பங்கு நிலம் இருந்ததாகிறது. கதை பாட்டனுக்கு மனை வாங்கித் தருகிறது. காகிதம் மறுத்ததை வீட்டுக் கதையாடல் இப்படி ஈடுகட்டுகிறது.

இந்த வகை எழுத்துக்கெல்லாம் தாய் அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்'. 1976இல் வந்தது, அடுத்த வருஷம் டெலிவிஷனில் அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது. ஏழு தலைமுறை தாண்டி காம்பியா நாட்டு ஜுஃபுரே கிராமத்துக்குப் போய்த் தன் மூதாதை குண்டா கிண்டேயின் பெயரைக் கதைசொல்லி வாயாலேயே கேட்டேன் என்று எழுதினார். 1767இல் மேரிலாந்துக்கு வந்த கப்பல் பெயரைக்கூடச் சொன்னார். பிறகுதான் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கதை சொன்னவர் பரம்பரைக் கதைசொல்லி இல்லை. ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. குண்டா கிண்டே அமெரிக்காவில் பெற்ற பெயர் என்று ஹேலி காட்டிய 'டோபி', அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே அதே பண்ணைக் குடும்பத்தின் காகிதங்களில் இருக்கிறான் என்று வம்சாவளி ஆராய்ச்சியாளர்கள் 1981இல் காட்டினார்கள். வேறொருவர் நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதற்கு 1978இல் பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் புத்தகம் செத்துவிடவில்லை. கறுப்பு மக்கள் ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்ட ஆரம்பித்ததே அதனால்தான். ஆகவே பொய் என்று தூக்கிப் போடவும் முடியவில்லை, உண்மை என்று தூக்கிவைக்கவும் முடியவில்லை. எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஜுஃபுரேயில் அந்த முதியவர் விரும்பியதைச் சொன்னது குற்றமா? விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள மரியாதைதான். வந்தவாசிப் பக்கத்தில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிராக கையுத்ரா பகதூரின் 'கூலிப் பெண்' (2013) என்ற ஆங்கில நூலைச் சொல்லவேண்டும். அவருடைய பூட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குத் தனியாக, கர்ப்பிணியாக, 'கிளைட்' கப்பலில் போனவர். ஏன் தனியாக? யார் குழந்தை? காகிதம் சொல்லாது. பகதூர் இட்டுக்கட்டவில்லை. கேள்விகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்பதையே எழுதலாம் என்ற துணிச்சல் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நம் பக்கத்து வட்டார வரலாற்றுக்காரர்கள் இதை ஒரு தடவையாவது படிக்கவேண்டும். ஊர்ப் பெயருக்குக் காரணம் தெரியாவிட்டால் உடனே ஒரு சோழ ராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறவர்கள் நாம்.

தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் வம்சாவளி ஆராய்ச்சி படும் பாடு தனி. பேரன் என்றால் பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். ஆகவே ஒன்றுவிட்ட தலைமுறைக்கு அதே முத்துசாமி திரும்பி வருவார். தகப்பன் பெயர் ராமசாமி, மகன் முத்துசாமி, அவன் மகன் மறுபடி ராமசாமி. எந்த ராமசாமி எந்த ராமசாமி என்று பட்டியல் பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்குக் கிடையாது. காலனிக்கு அது இல்லாமல் முடியாது. மொரிஷியஸில் அப்பா பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. வீராசாமி பிரெஞ்சு எழுத்தில் விராசாமியாகி நின்றார். பிறகு வந்த பத்துப் பேரும், பெண்கள் உட்பட, விராசாமிகள்தான். தென்னாப்பிரிக்காவில் ஜாதிப் பட்டமும் குடும்பப் பெயராயிற்று. முதலி, கவுண்டர், நாயுடு, பிள்ளை, படையாச்சி எல்லாம் ஆங்கிலக் காது வழியாக உருமாறி அங்கே நிலைத்தன. யார் எதைச் சொல்லிப் பதிந்தார்கள் என்பதைத் தட்டிக் கேட்க அங்கே ஊர்க்கட்டு இல்லை. கடல் ஒரு ஆளுக்குக் கொடுத்த ஒரே சலுகை அதுதானென்று தோன்றுகிறது. கப்பல் பட்டியலில் ஒரு ஜாதி, பேரன் பெயரில் வேறு ஜாதி என்று இருந்தால் அதை மோசடி என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஆராய்ச்சியாளர் யாருக்காக வேலை பார்க்கிறார்? ஊரில் விட்டுவந்த பண்ணையாருக்காகவா?

தாய்ப்பெயருக்குப் பட்டியலில் கட்டமே கிடையாது. பெண்கள் வருகிறார்கள், ஆனால் வருகிற விதத்தைப் பார்க்கவேண்டும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தால்தான் கப்பல் கிளம்பும் என்று பல காலனிகளுக்கு விதி இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தது. அதற்கு டிப்போ கல்யாணம் என்றே பெயர். பட்டியலில் அடுத்தடுத்த எண்ணில் கணவன் மனைவி என்று இருப்பவர்கள் முந்தின வாரம்தான் சந்தித்துக்கொண்டவர்களாக இருக்கலாம். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்த ஒரு பெண் குமாஸ்தாவின் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பாள்? பக்கத்தில் நின்ற எவனோ சொன்ன பெயர்தான் ஏறியிருக்கும். பாரதி பீஜித் தீவுப் பெண்களுக்காகப் பாடியது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரும்புத் தோட்டத்தில் பெண்கள் கும்பலாக அழுகிறார்களே தவிர ஒருத்திக்கும் முகம் இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதிக்குப் பெயரும் முகமும் கொடுத்தார். மொரிஷியஸ் ஆவணங்களிலிருந்து மரினா கார்ட்டர் தொகுத்த பெண்களின் வாக்குமூலங்கள் 1994இல் புத்தகமாக வந்தன. அங்கே பெண்கள் அழுவதோடு நிற்கவில்லை. மனு எழுதுகிறார்கள், சம்பளப் பாக்கி கேட்கிறார்கள், புருஷனை விட்டு விலக அனுமதி கேட்கிறார்கள். கப்பல் பட்டியலைவிட இந்த மனுக்கள் முக்கியம் என்பது என் கட்சி. பட்டியலில் ஆள் எண்ணப்படுகிறான், மனுவில்தான் பேசுகிறான். 1871இல் மொரிஷியஸில் பழைய கூலிகள் 9,401 பேர் சேர்ந்து கொடுத்த மனு அந்தத் தீவையே கலக்கி ராயல் கமிஷன் வரை கொண்டுபோனது. அதைத் தயாரிக்க உதவிய டி பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரரை எல்லோரும் சொல்வார்கள். அவரோடு உழைத்த ராஜரத்தின முதலியாரைத் தமிழர்களே சொல்வதில்லை.

குடும்பக் கதைக்குச் சான்று கேட்பதிலும் ஒரு வருணாசிரமம் உண்டு. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உத்தமதானபுரத்தின் கதையோடு ஆரம்பிக்கிறது. ஏகாதசியன்று மறதியாகத் தாம்பூலம் போட்டுவிட்ட தஞ்சாவூர் ராஜா பிராயச்சித்தமாகத் தானம் கொடுத்த ஊர் அது. எந்த ராஜா, எந்த வருஷம், செப்பேடு எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கவும் தேவையில்லை, அழகான கதை. ஆனால் அயோத்திதாசர் ஒரு குடும்பக் கதை சொல்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார், குறள் அச்சேறியதில் அவருக்குப் பங்கு உண்டு என்கிறார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வந்த பிறகு இது பரவலாகத் தெரியவந்தது. உடனே எல்லோருக்கும் ஆராய்ச்சிக் கண் திறந்துவிட்டது. ஆதாரம் எங்கே, எல்லிஸ் எழுதியிருக்கிறாரா, பட்லரிடம் ஏடு எப்படி வரும் என்று கேள்விகள். கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பட்லர் வீட்டில் ஏடு இருக்க முடியாது என்பது ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே இருக்கிற முடிவு. கந்தப்பன் கதைக்கும் ஏகாதசி ராஜா கதைக்கும் சான்று என்ற அளவில் வித்தியாசமில்லை, இரண்டும் வீட்டில் கேட்டு வந்தவை. ஒன்றுக்கு இலக்கிய மதிப்பு, இன்னொன்றுக்குப் போலீஸ் விசாரணை. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். 1939இல் தன் வரலாற்றை 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' என்று எழுதினார். சுருக்கம்தான் கிடைத்தது நமக்கு.

இதெல்லாம் அறிவாளிகளின் பொழுதுபோக்கு என்று தோன்றினால் இலங்கையைப் பார்க்கலாம். நேட்டாலுக்கு எண் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மலைத்தோட்டம் போனவர்களுக்கு அப்படி ஆளுக்கு ஒரு வரி இல்லை. கங்காணியின் கணக்கில் கடன்தான் உண்டு. வழியில் காலராவில் செத்தவர்களுக்கு அதுவும் இல்லை. இப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் 1948இல் சுதந்திர இலங்கை என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையென்றால் அப்பனைப் பெற்ற பாட்டனும் அவனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. அந்த நாட்டில் பிறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல்தான் கட்டாயமானது. பதிவே இல்லாத காலத்தில் பிறந்த பூட்டனுக்குச் சான்றிதழ் கேட்ட சட்டம் அது. வம்சாவளி ஆராய்ச்சி ஒரு ராஜ்யத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. ஏழு லட்சத்துக்கும் மேலான மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி ஆட்களுக்கும் குடியுரிமை என்று இலங்கை சட்டம் போட்டது 2003இல். இங்கே திருப்பி அனுப்பப்பட்டு நீலகிரியில் தேயிலை பறிக்க வந்தவர்களிடம் நம் தாலுகா ஆபீஸ் கேட்டது இன்னொரு பூட்டனை. பூர்வீக ஊர் எது, ஜாதிக்குச் சான்று எங்கே?

இதே கேள்வியைக் குவாதலூப் தீவில் ஒரு தமிழர் எதிர்கொண்டது நமக்கு அதிகம் தெரியாது. ஹென்றி சிதம்பரம், ஒப்பந்தக் கூலிகளின் மகன். கூலிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள், அவர்களுக்கு ஓட்டு உண்டு என்று 1904இல் வழக்கை ஆரம்பித்து 1923 வரை விடாமல் நடத்தி ஜெயித்தார். அவர் வம்சாவளி காட்டவில்லை. இந்த மண்ணில் பிறந்தேன், அது போதும் என்றார். தில்லையாடி வள்ளியம்மை நினைவுக்கு வருகிறார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து 1914இல் அங்கேயே பதினாறு வயதில் இறந்த பெண். தான் பார்த்திராத ஊர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டு நமக்குத்தான் தேவைப்பட்டது, அவருக்கா?

இனி புதூர்.

'அப்படியும் இருக்கலாம்' என்று சொன்ன பிறகு, இரண்டு நாள் ஒரு வாடகைக் காரில் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினேன். வந்தவாசிப் பக்கத்தில் புதூர் என்று முடியும் மூன்று ஊர்களைப் பார்த்தோம். ஒவ்வொரு ஊரிலும் கார் ஊருக்குள் போயிற்று. கோயில், டீக்கடை, பெரிய திண்ணை உள்ள வீடு. மூன்றாவது ஊரில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. 'எங்க தாத்தாவோட பெரியப்பன் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுக் கப்பலுக்குப் போனாருன்னு சொல்லுவாங்க, அவரேதான்' என்று டர்பன்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தம்மாளுக்குப் பூ வாங்கி வரச் சொன்னார். மோர் வந்தது. போட்டோ எடுத்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். பட்டியலில் அந்த ஜாதி எழுதியிருப்பது தெரிந்திருந்தால் திண்ணையில் உட்கார வைத்திருப்பாரா என்ற கேள்வியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. காலனிப் பக்கம் கார் திரும்பவே இல்லை. ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆவணத்தில் இருந்த ஒரே ஒரு உபயோகமான தகவலை நான்தான் மறைத்தேன். அவர்கள் மனசு புண்படக் கூடாது என்றுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புண்பட்டிருக்கும் என்று எப்படித் தெரியும்? அந்தச் சொல்லைக் கேட்டால் அவமானப்படுவார்கள் என்று நானே முடிவு செய்ததில் இருக்கிறது என் ஜாதி.

அடுத்த கோடையில் தனியாகப் போனேன். பஸ்ஸில் இறங்கி இந்தத் தடவை காலனிக்கு நடந்தேன். இரண்டு ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஊரில், பெரியவர் கட்டிப்பிடித்த அதே ஊரில், ஒரு ஆயா மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னது: 'மோரீசுக்குப் போன வூடுன்னு ஒண்ணு சொல்லுவாங்க. எந்தக் காலமோ. அதோ அந்த மனை.' மனையில் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. நேட்டாலா மொரிஷியஸா, எந்த வருஷம், ஆள் பெயர் என்ன, எதுவும் ஆயாவுக்குத் தெரியாது. கடல் தாண்டின இடமெல்லாம் அந்தப் பக்கத்தில் மோரீசுதான். இதை நான் சான்று என்று சொல்லவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

டர்பனுக்குக் கடிதம் எழுதினேன். ஜாதிக் கட்டத்தில் இருந்தது திட்டு இல்லை, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், அதை அன்றைக்கே சொல்லாதது என் தப்பு என்று எழுதினேன். மனையைப் பற்றியும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அந்தம்மாளிடமிருந்து பதில் வந்தது. அது எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்தான், அவருடைய பாட்டி சொல்லியிருக்கிறார். உங்களுக்குச் சொல்லச் சங்கடமாக இருந்ததுபோலத் தெரிந்தது, அதனால் மேலே கேட்கவில்லை. பெரியவர் வீட்டு மோர் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தார். அடுத்த முறை வந்தால் அந்த மனைக்கு எப்படிப் போகவேண்டும் என்று கேட்டிருந்தார். வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் ஏறி, பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் இறங்கி, ஊருக்குள் போகும் தார் ரோட்டை விட்டுவிட்டு ஏரிக்கரையை ஒட்டிய மண் ரோட்டில் கால் மைல் நடந்தால் வலது கைப் பக்கம் என்று பதில் போட்டிருக்கிறேன்.